திருகோணமலையில் இன்டீரியர் டிசைன் தொழில்: முதல் குசினியிலிருந்து முதல் கெஸ்ட் ஹவுஸ் வரை

திருகோணமலையில் இன்டீரியர் வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்ப, ஊரில் பெற்றோர் கட்டும் அல்லது திருத்தும் வீட்டுக்காரர் ஒரு வகை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விடுபவர்கள் இன்னொரு வகை. நகரத்தில் கடை, கிளினிக், சலூன், டியூட்டரி திறப்பவர்கள் மூன்றாவது வகை. யாராக இருந்தாலும் முதலில் கேட்பது 3டி படம். பிறகு மனஸ்தாபம் வரும்போது படத்தைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். மூடாத கதவு, முதல் மாரியிலேயே ஊதிய பலகை, சொன்ன தொகையைத் தாண்டிய பில் ஆகியவையே பேச்சாக இருக்கும். அதனால் இங்கே படத்துக்குக் கொஞ்ச இடமும், அளவு, பொருள், கணக்கு ஆகியவற்றுக்கு நிறைய இடமும் கொடுத்திருக்கிறோம்.

எங்கே படிப்பது

நேர்வழி மொரட்டுவைப் பல்கலைக்கழகம். அங்கே கட்டடக்கலைக்கும் வடிவமைப்புக்கும் பட்டப்படிப்புகள் உண்டு. வடிவமைப்புக்கு உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். கொழும்பில் தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன, செலவு அதிகம். ஊரிலேயே இருந்து தொடங்குபவர் தொழில்நுட்பக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ படவரைஞர் பயிற்சி போன்ற என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) பாடநெறிகளை விசாரிக்கலாம். அதில் 3, 4 ஆம் மட்டங்கள் கைத்திறனுக்கு, 5 ஆம் மட்டம் டிப்ளோமாவுக்குச் சமம்.

எங்கள் கருத்து இது: படவரைதல் சான்றிதழும் ஒரு நல்ல ஓடாவியின் பட்டறையில் ஆறு மாதமும் சேர்ந்தால், மூன்று மாத ஒன்லைன் டிப்ளோமாவைவிட இந்த ஊரில் அதிகம் சம்பாதித்துத் தரும். பட்டறையில் சும்மா நின்று பார்த்துவிட்டு வரக்கூடாது. வாள் ஒரு வெட்டுக்கு எவ்வளவு மரத்தைத் தின்கிறது, பலகை விளிம்பை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டியை 0.4 மி.மீ. தடிப்பில் ஒட்டினால் எங்கே உரியும், 1 மி.மீ. ஏன் தாங்கும், கபேட் கதவுக் கீல்களில் முழு மூடல், அரை மூடல், உள்ளடங்கல் என்ற மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்பதைக் கையால் செய்து அறியுங்கள். அதேபோல ஒரு டைல் பாஸோடும் ஒரு வயரிங்காரரோடும் சில வாரங்கள் நில்லுங்கள். நாளைக்கு இவர்களிடம்தான் வேலை வாங்கப் போகிறீர்கள். தொழில் தெரியாதவர் சொன்னால் பாஸ்மார் "சரி சரி" என்றுவிட்டுத் தங்கள் எண்ணப்படியே செய்வார்கள்.

மென்பொருளில் ஓட்டோகேட்டில் தளப்படமும் பக்கத்தோற்றமும், ஸ்கெட்ச்அப்பில் உருவமும் போட்டால் முதல் இரண்டு வருடத்துக்குப் போதும். ஒளி, நிழலோடு படம் எடுக்கும் ரெண்டரிங் பிறகு வரட்டும்.

அளவெடுப்பு

கையில் இருக்க வேண்டியவை: 5 மீற்றர் அளவுநாடா, லேசர் அளவுகருவி, 2 அடி ஸ்பிரிட் லெவல், மூலைமட்டம், தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு தெளிந்த குழாய். முதலில் அறையைக் கைபோன போக்கில் வரையுங்கள். வாசலில் தொடங்கி வலஞ்சுழியாக வாருங்கள். ஒரு சுவரில் யன்னல், தூண், பிளக் எல்லாவற்றையும் ஒரே மூலையிலிருந்து தொடர்ச்சியாக அளக்க வேண்டும். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் வரும் கால் அங்குலப் பிழை கடைசியில் ஓர் அங்குலமாகிவிடும்.

கபேட் வரும் சுவரின் அகலத்தை நிலமட்டத்தில், 3 அடி உயரத்தில், 7 அடி உயரத்தில் என மூன்று தரம் அளந்து, மிகச் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு எங்கேயும் ஒரே தடிப்பில் இருப்பதில்லை. அறையின் இரு மூலைவிட்டங்களையும் அளவுங்கள். 12 க்கு 14 அடி அறை சரியான மூலைமட்டத்தில் இருந்தால் இரண்டும் ஏறத்தாழ 18 அடி 5¼ அங்குலம் வரும். இரண்டுக்கும் ஒன்றரை அங்குலம் வித்தியாசம் என்றால் டைல் கோடு சுவரோரம் ஆப்புப்போல வெட்டுப்பட்டுத் தெரியும். அதை வாசலுக்கு எதிர்ப்பக்கச் சுவருக்குத் தள்ளி, அலுமாரிக்குக் கீழே மறைக்கத் திட்டமிட வேண்டும்.

புதிதாக வருபவர்களை அதிகம் விழுத்தும் பிழை, சுவர் டைல் ஒட்டுவதற்கு முன் குசினியை அளந்து, அந்த அளவிலேயே கபேட்டை வெட்டக் கொடுப்பது. டைலும் சாந்தும் ஒரு பக்கச் சுவருக்கு முக்கால் அங்குலம் தொடக்கம் ஓர் அங்குலம் வரை எடுக்கும். இரு சுவருக்கு நடுவே இறுக்கமாக நிற்க வேண்டிய கபேட் ஒன்றரை தொடக்கம் இரண்டு அங்குலம் பெரிதாகிப் போகும். ஆகவே அளவு இரண்டு தரம்: வரைவதற்கு ஒன்று, டைல் முடிந்த பின் வெட்டுவதற்கு ஒன்று. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், பிளக் ஆகியவை மூலையிலிருந்தும் நிலத்திலிருந்தும் எவ்வளவு தூரம் என்பதைக் குறித்து, ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

உப்பு, ஈரம், கறையான்

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர் இது. கொழும்பு ஷோரூமில் பளபளத்த கீல், கடற்கரையோர டச்பே வீட்டில் ஒரு மாரி முடியமுன் செந்தூளாகிவிடும். கடலோரம் என்றால் குசினிக்கும் குளியலறைக்கும் குறைந்தது 304 தரத் துருப்பிடிக்கா உருக்குக் கீல், லாச்சி ஓடும் இழுவைத் தடம். கடற்காற்று நேரே படும் வராந்தா, வெளிக் குளியல், கைபிடிக் கம்பிகளுக்கு 316 தரம். 304 வெளியில் நின்றால் தேயிலைக்கறை போலப் பழுப்புப் பிடிக்கும். அலுமினியச் சட்டத்தில் உருக்குத் திருகாணி போடும் இடத்தில் நைலோன் வளையம் வைக்காவிட்டால், உப்பீரத்தில் இரு உலோகமும் தொட்டு வினைபட, அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும்.

பலகையில் யோசனை வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். மலிவு, பெயின்டுக்கு நல்ல மேற்பரப்பு, தண்ணீரைக் கண்டால் ஊதும். மெலமைன் ஒட்டிய சிப்போர்ட் உள்தட்டுக்குச் சரி. கீல் திருகாணி ஒரு தரம் கழன்றால் அதே துளையில் மறுபடி இறுகாது. குசினியின் கீழ்க் கபேட்டுக்கும் குளியலறைக்கும் நீர்தாங்கும் பிளைவுட் அல்லது பிவிசி போர்ட்தான். பலா, தேக்கு, முதிரை போன்ற மரங்கள் கதவுச் சட்டத்துக்கு அருமை, ஆனால் காய்ந்த மரமா என்று பார்த்து வாங்க வேண்டும். கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனியில் இறுக்கமாகப் பொருத்திய பச்சை மரக் கதவு காய்ந்து இடைவெளி விடும். மார்கழியில் பொருத்தியது பிறகு சுருங்கும். மரம் ஏற்றிவரப் போக்குவரத்து அனுமதி இருக்கிறதா என்பதையும் கேட்டுவையுங்கள்.

எங்கள் வீடுகளில் நிலத்தைக் கழுவித்தான் பழக்கம். அதனால் பலகையில் அடிப்பீடம் வைத்த கபேட் இந்த ஊருக்குச் சரிவராது. மேசனைக் கொண்டு 4 அங்குலக் கல்திட்டு கட்டி டைல் ஒட்டி, அதன்மேல் கபேட்டை ஏற்றுங்கள். அல்லது சரிசெய்யக்கூடிய பிளாஸ்டிக் கால் போடுங்கள். கறையான் சுவரடியிலிருந்து ஏறும். பின்பலகை சுவரைத் தொடாமல் ஓர் அங்குலம் விடுவதும், சுவரடிக்கு முன்கூட்டியே மருந்தடிப்பதும் பிறகு அலுமாரியைக் கழற்றுவதைவிடச் செலவு குறைவு.

முதல் வேலை குசினியாக இருக்கட்டும்

இடம் சிறியது, பலன் உடனே தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்ப்பார். மேடை ஆழம் 24 அங்குலம். உயரத்தைப் புத்தகத்தில் தேடாதீர்கள். சமைப்பவரை நிற்கவைத்து முழங்கை உயரத்திலிருந்து 4 தொடக்கம் 6 அங்குலம் குறையுங்கள். 5 அடி 2 அங்குல உயரமுள்ள அம்மாவுக்கு 33 அல்லது 34 அங்குலம் வரும். அடுப்பு நிற்கும் பகுதியை இன்னும் 2, 3 அங்குலம் இறக்கினால் இடியப்பச் சட்டி, சோற்றுப் பானையைத் தூக்கி இறக்கத் தோள் நோகாது. மேல் கபேட் மேடையிலிருந்து 20 முதல் 24 அங்குலம் மேலே, ஆழம் 12 முதல் 14. இருபக்க மேடை என்றால் நடுவே 42 அங்குலம் விடுங்கள். 36 க்குக் கீழே போனால் ஒருவர் குனிந்து அலுமாரி திறக்க மற்றவர் கடக்க முடியாது.

12.5 கிலோ காஸ் சிலிண்டர் வெளியே, காற்றோட்டமான கூட்டுக்குள். எல்.பி. காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு படியும். கூட்டின் காற்றுத் துளையைக் கீழேயும் வையுங்கள். பிளக்குகள் மேடைக்கு 6 முதல் 8 அங்குலம் மேலே, 13 அம்பியர் சதுர முள் வகை. கிரைண்டர், கேத்தல், மைக்ரோவேவ் மூன்றும் ஒரே கம்பியில் தொங்கக்கூடாது. மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வீடு என்றால் முதல் செலவு அதுதான்.

படத்தில் வராத சில கேள்விகளும் உண்டு. மீன் எங்கே வெட்டுவீர்கள்? வெளியே ஒரு தொட்டியும் கல்மேடையும் இல்லாவிட்டால் பளிங்கு பான்ட்ரி ஒரு வாரத்தில் நாறும். தேங்காய் எங்கே துருவுவீர்கள்? விறகடுப்பு இருக்குமா? சைவ வீடுகளில் சாமியறையை ஈசான மூலையிலும் அடுப்பை அக்கினி மூலையிலும் கேட்பார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் கழிவறைக் கோப்பை தொழுகைக்கு நோக்கும் கிப்லாத் திசையை நோக்கியோ அதற்கு முதுகு காட்டியோ இருக்கக்கூடாது; பெண் விருந்தினர் இருக்கத் தனி மண்டபமோ திரையோ வேண்டும். இதையெல்லாம் தளப்படம் போட முன் கேட்பவர் மறுமுறை வரையத் தேவையில்லை.

ஷீட் கணக்கு: பரப்பளவை நம்பாதீர்கள்

உதாரணத்துக்கு 6 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழமான அலுமாரி. நிமிர்ந்த பலகை 3, மேலும் கீழும் 2, மூன்றடித் தட்டு 5, பதினெட்டு அங்குலக் கதவு 4. பரப்பளவு 138 சதுர அடி. 8 க்கு 4 அடி ஷீட் 32 சதுர அடி, ஆகவே 4.3, ஐந்து ஷீட் போதும் என்று தோன்றும். போதாது.

ஷீட்டின் உண்மை அகலம் 1220 மி.மீ. வாள்வெட்டு 3 முதல் 4 மி.மீ. இரண்டு 24 அங்குலத் துண்டு (609.6 மி.மீ.) எடுத்தால் 1219.2 போய்விடும், வெட்டுக்கு இடமில்லை. ஆழத்தை 600 மி.மீ. ஆகக் குறைத்தால் ஒரு ஷீட்டில் இரண்டு நீளப் பட்டி வரும். நிமிர்ந்தவைக்கு 3 பட்டி, மேல் கீழுக்கு 2. தட்டு ஒரு பட்டியில் இரண்டுதான் வரும், ஐந்துக்கு 3 பட்டி. மொத்தம் 8 பட்டி, அதாவது 4 ஷீட். கதவில் ஒரு ஷீட்டுக்கு இரண்டுதான் விழும், மீதி 12 அங்குலப் பட்டி லாச்சிக்குப் போகும். கதவுக்கு 2 ஷீட். ஆக 18 மி.மீ. ஷீட் 6, பின்பலகைக்கு 6 மி.மீ. ஷீட் 2. ஐந்துக்கு விலை சொல்லி ஆறு வாங்கியவரின் லாபம் அந்த ஆறாவது ஷீட்டோடு போய்விடும். வெட்டுப்படம் வரையாமல் விலை சொல்லவே வேண்டாம்.

டைலிலும் இப்படித்தான். 12 க்கு 14 அறை 168 சதுர அடி. 600 மி.மீ. டைல் ஒன்று 3.875 சதுர அடி, 43.4 டைலோடு 10 வீதம் சேதாரம் சேர்த்தால் 48. நான்கு அங்குலச் சுவரடிப் பட்டிக்கு ஒரு டைலில் ஐந்து துண்டுதான் வரும், ஆறு வராது. வாசல் போக 49 அடிக்கு 6 டைல் வையுங்கள். மொத்தம் 54, நான்கு டைல் பெட்டியில் 14 பெட்டி. பெட்டிகளின் தொகுதி இலக்கம் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். நிற வித்தியாசம் ஒட்டிய பிறகுதான் தெரியும், அப்போது கடைக்காரர் மாற்றித் தரமாட்டார்.

பெயின்ட்: அதே அறை 10 அடி உயரம், கதவு யன்னல் கழித்துச் சுமார் 467 சதுர அடி. லீற்றருக்கு ஒரு பூச்சில் 110 சதுர அடி என்று வைத்தால் இரண்டு பூச்சுக்கு எட்டரை லீற்றர்.

விலையும் எழுத்தும்

தொடக்கத்தில் வடிவமைப்புக் கட்டணத்தைத் தனியாகவும் வேலைக் கட்டணத்தைத் தனியாகவும் வாங்குங்கள். "வேலை தந்தால் படம் இலவசம்" என்று சொன்னால் படத்தை வாங்கி வேறு பாஸிடம் கொடுப்பார்கள், அதில் அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. மதிப்பீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் தரம், தடிப்பு, அளவு, எண்ணிக்கை, கூலி என்று தனித்தனி வரி. லொறி வாடகையை மறக்காதீர்கள். கொழும்பிலிருந்து வரும் சாமானுக்குச் சுமார் 260 கி.மீ. பாதை. வெளியூர் வேலையாட்களின் தங்குமிடம், சாப்பாடு, குப்பை அகற்றல் ஆகியவையும் செலவுதான். நூறு ரூபாய்ச் செலவின் மேல் இருபது வைத்தால் லாபம் இருபது வீதம் என்று நினைப்பவர்கள் பலர். விற்ற விலையில் அது 16.7 வீதம்தான்.

2022 பொருளாதார நெருக்கடியில் காலையில் சொன்ன விலை மாலையில் செல்லாத நிலை வந்தது. அதற்குப் பிறகு மதிப்பீட்டுக்கு 14 நாள் செல்லுபடிக்காலம் எழுதாமல் கொடுப்பது வீண் துணிச்சல். தவணைக்கு ஒரு நல்ல வரிசை: உறுதிப்படுத்த 10 வீதம், பொருள் வாங்க 40, கபேட் கூடு தளத்துக்கு வந்ததும் 30, பொருத்தி முடிய 15, குறைகள் திருத்தியதும் 5. கடைசி ஐந்து வீதம் வராமலும் போகலாம் என்று எண்ணி விலை வையுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் வீட்டில் மூன்று எசமான்கள் இருப்பார்கள்: காசு அனுப்பும் மகன், பாவிக்கப்போகும் அம்மா, நின்று பார்க்கும் மச்சான். யாருடைய சொல் இறுதி என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல்: என்ன மாற்றம், எவ்வளவு கூடும், எத்தனை நாள் பிந்தும். "சரி" என்ற பதில் வரும்வரை வாளைத் தொடவேண்டாம்.

கடையும் கெஸ்ட் ஹவுஸும்

கிழக்குக் கரையின் சுற்றுலாக் காலம் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. ஆகவே அறை விடுபவர்களுக்கு எல்லா வேலையும் பங்குனிக்குள் முடிய வேண்டும். ஆனால் ஐப்பசி தொடக்கம் தை வரை மழை. இந்த இரண்டுக்கும் நடுவே நேரத்தைப் பிழியத் தெரிந்தவருக்குத்தான் இங்கே ஹோட்டல் வேலை கிடைக்கும். ஆவணியில் அளவும் வரைபடமும், புரட்டாதியில் ஓடர், ஐப்பசி, கார்த்திகையில் பட்டறை வேலை, மழைக்குள் வயரிங்கும் குழாயும், தை பிற்பாதியில் புட்டி, மாசியில் பெயின்ட், பங்குனியில் பொருத்துதல். சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு வாரம் முன்பே பாஸ்மார் ஊருக்குப் போய்விடுவார்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் வேலையாட்களின் நேரம் குறையும். இரண்டையும் கலண்டரில் குறித்து வையுங்கள்.

சுவரின் புதுச் சீமெந்துப் பூச்சு நான்கு வாரமாவது காய வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூட. 2 அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி பிடித்தால் புட்டி போடக்கூடாது. போட்டால் ஆறு மாதத்தில் செதிலாக உரியும்.

கடற்கரை அறையில் விருந்தினர் மணலோடு வருவார். வாசலில் கால்கழுவும் குழாய், நனைந்த துணி தொங்கக் கம்பி, பயணப்பெட்டி வைக்க 18 அங்குல உயர மேடை, கட்டிலின் இருபக்கமும் பிளக். விளக்கு இளமஞ்சள் ஒளி தரும் 2700 அல்லது 3000 கெல்வின். துணிக்கடை, நகைக்கடைக்கு நிறத்தை உண்மையாகக் காட்டும் 90 க்கு மேற்பட்ட சி.ஆர்.ஐ. விளக்கு வேண்டும், இல்லாவிட்டால் கடையில் மெரூனாகத் தெரிந்த சேலை வீட்டில் பழுப்பாகத் தெரிந்து திரும்பி வரும். உணவகத்தில் ஓர் இருக்கைக்கு 12 முதல் 15 சதுர அடி. வாசலில் 6 அங்குலப் படி இருந்தால் சக்கர நாற்காலிக்கு 6 அடி நீளச் சரிவு வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கு.

அனுமதிகள்

வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், வரி இலக்கத்துக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில். "கட்டடக்கலைஞர்" என்ற பட்டத்தைப் பதிவு பெறாதவர் பெயர்ப்பலகையில் போடக்கூடாது. சுவர் உடைக்க, பீம் தொட, மேல்மாடி ஏற்ற யார் கேட்டாலும் பொறியியலாளரின் கையெழுத்தும் உள்ளூராட்சி சபை அனுமதியும் இல்லாமல் சம்மதிக்காதீர்கள். உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். நிலாவெளியில் உள்ளே கபேட் செய்வதற்கு அது தடையில்லை. வெளியே ஒரு மண்டபம் இழுக்கச் சொன்னால் முதலில் அந்த அனுமதியைக் கேளுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே சீலிங் அடிக்கும்போது அதைத் துளைக்கவோ வெட்டவோ விடாதீர்கள், தனிச் சட்டகம் போட்டுத் தொங்கவிடுங்கள்.

வேலை சேர்வது

மூன்று குசினி, ஒரு படுக்கையறை, ஒரு கடை இருந்தால் காட்டுவதற்குப் போதும். வீட்டுக்காரரிடம் கேட்டு, காலை வெளிச்சத்தில், கதவுகள் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் படம் எடுங்கள். கீலும் எட்ஜும் தெரியும் கிட்டப் படம் ஒன்று கட்டாயம். ஒப்படைத்த வேலைகள் எல்லாவற்றையும் மாரி முடியும் தை மாதக் கடைசியில் ஒரு தரம் போய்ப் பாருங்கள். கீல் இறுக்கி, தொட்டியோரச் சிலிக்கனில் பூஞ்சணம் பிடித்த இடத்தை வெட்டிப் புதிதாக இழுத்து, இழுவைத் தடத்தில் எண்ணெய் விட ஒரு வீட்டுக்கு இரண்டு மணித்தியாலம் போதும். முதல் வருடம் காசு வாங்க வேண்டாம். இரண்டாம் வருடத்திலிருந்து ஒரு சிறு கட்டணத்தை முதல் உடன்படிக்கையிலேயே எழுதிவிடுங்கள்; அந்த வருகையில்தான் அடுத்த அறைக்கான அளவையும் எடுக்கச் சொல்வார்கள்.